கூத்தாடி கிழக்கே பார்ப்பான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசித்தார். செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு பேசுவதையும் ஆடுவதையும் பிள்ளைகள் இப்போது வேலை என்று சொல்லிக்கொள்கிறார்கள், வியர்வை சிந்தாமல் வரும் காசு உழைப்பாகுமா என்பது அவருடைய கேள்வி. வாசித்தவர் வரிக்கு ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள். என் சின்ன மகன் செய்வது அந்த வேலையைத்தான். நான் எட்டாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் தெருக்கூத்துக்காரன். வயது 61. செய்யாறு பக்கம் ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், நாற்பது வருஷமாகக் கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறேன். கூத்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ராஜா வருகிறார் என்று அறிவிப்பவன் கட்டியங்காரன். வந்த ராஜாவைக் கிண்டல் பண்ணுபவனும் அவனே. ராத்திரி இரண்டரை மணிக்குப் பாயில் சாய்கிறவனைச் சிரிக்க வைத்து எழுப்பி உட்கார வைப்பதும் அவன் பொறுப்பு. எங்கள் வட்டத்தில்தான் புரிசை இருக்கிறது. அந்த ஊர் கண்ணப்ப தம்பிரான் கூத்தை வெளிநாடு வரை கொண்டுபோனவர், சங்கீத நாடக அகாதெமி விருது வாங்கியவர். நாங்கள் அந்த உயரத்து ஆட்கள் இல்லை. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து, அப்புறம் யார் வீட்டிலாவது பெரியவர் போய்விட்டால் காரியக் கூத்து என்று பிழைப்பவர்கள்.

சின்னவன் டிப்ளமோ படித்தான். 2019இல் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்தான். விடியற்காலை நாலரைக்குக் கம்பெனி பஸ். அங்கே அவன் வேலை, பெல்ட்டில் ஓடி வரும் சாமான்களைப் பார்த்துக்கொண்டே நின்று, கீறல் விழுந்ததை எடுத்துத் தனியாகப் போடுவது. பன்னிரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை யாரும் ‘இது ஒரு வேலையா’ என்று கேட்டதில்லை. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் வந்தால் மரியாதையாக வழி விட்டார்கள்.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. எங்களுக்குச் சாப்பாடு போடும் மாதங்களே அவைதான். அந்த வருஷமும் போனது, அடுத்த வருஷமும் முக்கால்வாசி போனது. வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தோம். எங்கள் பெட்டிக்காரர், அதாவது ஆர்மோனியக்காரர், கட்டட வேலைக்குப் போனார். மகனுக்கும் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். வீட்டில் சும்மா இருந்த சமயத்தில் என்னையும் மத்தளக்காரரையும் கோயில் திண்ணையில் உட்கார வைத்து அரை மணி நேரம் ஆடச் சொல்லி எடுத்துப் போட்டான். குவைத்தில் லாரி ஓட்டும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்தார். இப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது முழுக் கூத்தையும் யூடியூபில் லைவாகப் போடுகிறான்.

தலைமையாசிரியர் ஐயா வியர்வையைக் கேட்டார் இல்லையா, ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

கூத்து பத்து மணிக்கு என்றால் இவன் மத்தியானம் மூன்று மணிக்கே களரிக்கு, அதாவது கூத்து நடக்கும் இடத்துக்கு, போய்விடுவான். முதலில் சிக்னல் எங்கே வருகிறது என்று தேடுவான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கோயில் வாசலில் சிக்னல் இருக்காது. ஒரு போனை மூங்கில் கழியின் உச்சியில் கட்டி நிறுத்தி அதிலிருந்து கீழே நெட்டை இறக்குவான். மைக்செட்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவர் பெட்டியிலிருந்து ஒரு வயர் இழுப்பான். அந்த வயர் கிடைக்காவிட்டால் வசனத்தைவிட ஜெனரேட்டர் சத்தம்தான் அதிகமாகக் கேட்கும். கூத்து எட்டு மணி நேரம் போகும். ஒன்பது, பத்து ஜிபி காலியாகிவிடும், அதனால் இரண்டு சிம். நடு ராத்திரியில் போன் சூடேறி நின்றால் ஈரத்துண்டைப் பின்னால் வைத்துப் பிடித்திருப்பான். மாசி மாதப் பனியில் லென்ஸ் மங்கும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை துடைக்க வேண்டும். சிறுநீர் கழிக்கக்கூட எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நாங்களாவது வேஷம் முடிந்தால் திரைக்குப் பின்னால் போய்ப் பீடி பிடிப்போம், டீ குடிப்போம். இவன் காட்சிக்கு இடைவேளை கிடையாது.

படம் பிடிப்பது பாதி வேலைதான். கூத்து ஓடும்போதே பார்க்கிறவர்கள் எழுதிக்கொண்டே இருப்பார்கள். நமக்கு மூன்று மணி என்றால் துபாயில் ஒன்றரை, சிங்கப்பூரில் ஐந்தரை. ஷிப்டு முடித்து வந்தவர்கள், ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாம் இருப்பார்கள். ‘கர்ணன் வந்துட்டாரா?’, ‘எங்க ஊர்ல அடுத்த ஆட்டம் எப்போ?’ என்று கேட்பார்கள். நல்ல பேச்சு நடுவில் சாதிப் பேச்சு வரும், இந்தத் தெரு அந்தத் தெரு என்று சண்டை வரும். அவன் ஒரு கையால் படத்தைக் கவனித்துக்கொண்டு இன்னொரு கையால் அதை அழித்துக்கொண்டே இருப்பான். விட்டால் காலையில் களரியிலேயே அடிதடி ஆகிவிடும். எனக்கு அப்படி இரண்டு ஊர் தெரியும்.

காசு அனுப்புகிறவர்களும் உண்டு. எங்கள் களரியில் ஆட்டம் பிடித்துப்போனால் எழுந்து வந்து வேஷக்காரர் நெஞ்சில் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். குத்தியவர் பெயரைக் கட்டியங்காரன் மைக்கில் சொல்லி வாழ்த்த வேண்டும். யூடியூபில் அதற்கு சூப்பர் சாட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் அனுப்பியவர் பெயர் கலர் கட்டத்தில் வருகிறது, இவன் அதைப் படித்து எனக்குச் சைகை காட்டுகிறான், நான் சொல்கிறேன். ஒரே வித்தியாசம், அதில் நூற்றுக்கு முப்பது அந்தக் கம்பெனிக்கு. எங்கள் நெஞ்சில் குத்திய நோட்டில் திருட்டுப்பயல்கூடக் கை வைத்ததில்லை.

போன ஆவணியில் ஆரணிக்கு அந்தப் பக்கம் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் தாய்மாமன் கேட்டார்:

“பையன் என்ன பண்றார்?”

“கூத்தை வீடியோ எடுத்து லைவ் போடறான்.”

“அது சரிங்க. வேலை என்ன பண்றார்?”

எனக்கு 1988 ஞாபகம் வந்துவிட்டது. என் மாமனார் என்னிடம் இதையேதான் கேட்டார். “ராத்திரி ஆடறே, சரி. பகல்ல என்ன பண்றே?” நான் “பகல்ல தூங்கறேன்” என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பெண்ணைக் கொடுத்தார். ஆரணிக்காரர் சிரிக்கவில்லை. காபி மட்டும் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகன் சொன்னான், “நைனா, 2025இல வருமான வரிப் படிவத்துல எங்களுக்குத் தனி நம்பரே குடுத்துட்டான்.” ஆடிட்டர் காட்டினாராம். சமூக ஊடகத்தில் சம்பாதிப்பவர்களுக்கு என்று 16021 என ஒரு தொழில் எண். அதற்கு முன்பும் வரி கட்டித்தான் ஆக வேண்டும், இப்போது பெயர் வைத்துக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் இருந்து யாராவது பார்த்தால் அந்த வருமானத்தில் நூற்றுக்குப் பதினைந்து அங்கேயே பிடித்துக்கொள்கிறார்களாம். இரண்டு நாட்டு அரசாங்கம் வரி கேட்கும்போது இது தொழில். பெண் கேட்கப் போனால் மட்டும் இது தொழில் இல்லை.

சின்ன வயதிலிருந்து நான் வாங்கிய பெரிய வசவு கூத்தாடி என்பதுதான். ஏன், மேலே ‘கெஞ்சிக் கூத்தாடி’ என்று நானே எழுதியிருக்கிறேன், பாருங்கள். கூடவே ஒரு பழமொழியும் சொல்வார்கள்: கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான். கூலி வேலை செய்கிறவன் எப்போது பொழுது சாயும் என்று மேற்கே பார்ப்பான், ராத்திரி முழுக்க ஆடுகிறவன் எப்போது விடியும் என்று கிழக்கே பார்ப்பான். எங்களைக் கிண்டல் செய்யச் சொன்ன பழமொழிதான். ஆனால் அதைச் சொன்ன பழைய ஆள் யாரோ, ஏர் பிடித்தவனையும் அரிதாரம் பூசியவனையும் ஒரே வரியில் நிறுத்தி, இரண்டு பேருக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் கெஞ்சும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். என் மகனும் இப்போது கிழக்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறான். பார்க்கிற கண்ணில் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்ற கவலையும் சேர்ந்திருக்கிறது.

ஊர் இருக்கட்டும். எங்கள் ஜமாவிலேயே இது வேலையா இல்லையா என்று பஞ்சாயத்து நடந்தது. அதை ஐயா அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூத்தில் சம்பளம் கிடையாது, பங்குதான். ஒரு ராத்திரிக்கு 28,000 ரூபாய் பேசினால் வண்டி வாடகை, சாமான் செலவு போக மிச்சத்தைப் பங்கு போடுவோம். முக்கிய வேஷத்துக்கு ஒரு பங்கு, புதுப் பையனுக்கு அரை, பெட்டி தூக்கிக்கொண்டு வரும் சிறுவனுக்குக் கால். இரண்டு வருஷத்துக்கு முன்பு வைகாசியில் என் மகன் வாய் விட்டுக் கேட்டான், “எனக்கும் ஏதாவது பங்கு உண்டா?” எங்கள் ஜமாவை நடத்தும் வாத்தியார் சாதகமாகவும் பேசவில்லை, எதிராகவும் பேசவில்லை. மத்தளக்காரர்தான் எகிறினார். “கட்டை கட்டலை, சலங்கை கட்டலை, தொண்டை கட்டலை. எதுக்குடா பங்கு?” நான் அப்பன், வாயைத் திறக்க முடியாது.

பேசியவர் எங்கள் பெண் வேஷக்காரர். முப்பது வருஷமாகத் திரௌபதி கட்டுகிறவர். “சபையில என் துகில இழுக்கறப்போ எவன் எவனோ போன்ல என்னென்னவோ எழுதறான். என் பொண்ணு காலேஜ் படிக்குது, அதுவும் பார்க்குது. அடுத்த நொடியில அழிக்கிறது இந்தப் பிள்ளைதான். அன்னைக்குக் கிருஷ்ணன் பண்ண வேலைய இவன் பண்றான். அரைப் பங்கு குடுக்க மனசு வரலையா?” என்றார். மத்தளக்காரர் அப்புறம் பேசவில்லை. அரைப் பங்கு என்று முடிவானது. பதிலுக்கு யூடியூபில் வருவதில் மூன்றில் ஒரு பங்கை அவன் ஜமாவுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் பேசினோம். நியாயம்தானே, ஆடுவது நாங்கள். வாயால் பேசியதுதான், இதுவரை தவறியதில்லை.

என்ன பெரிதாக வந்துவிடுகிறது என்று கேட்பீர்கள். அந்த விளம்பர வருமானத்தைத் தொடவே முதலில் ஆயிரம் பேர் சந்தாதாரராகச் சேர வேண்டும், ஒரு வருஷத்துக்குள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். கூத்து நீளம் என்பதால் மணிக்கணக்கு சீக்கிரம் சேர்ந்தது, ஆள் சேரத்தான் நாளானது. விளம்பரக் காசில் நூற்றுக்கு 55 இவனுக்கு, 45 கம்பெனிக்கு. கணக்கில் நூறு டாலர் சேர்ந்தால்தான் பேங்குக்கு வரும். முதல் காசு வர 14 மாதம் ஆனது. பாரதக் கூத்து மாதங்களில் 18,000 வரைக்கும் பார்த்திருக்கிறான். ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டாயிரம் தேறாது. இதுவும் கூத்துக்காரன் வருமானம் மாதிரியேதான். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் தாத்தாவும் பேரன்களும் வயலில் சமைத்தே 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர் சேர்த்தார்களே என்று பலரும் இவனிடம் சொல்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். நாடகக் கம்பெனியில் வேஷம் கட்டிய எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனார் என்பதற்காக எங்கள் ஜமாவில் பெட்டி தூக்கும் பையனிடம் நாங்கள் கோட்டைக்கு வழி சொல்வதில்லை.

ஒரு கதை சொல்ல விட்டுவிட்டேன். கட்டியங்காரன் திரைக்கு வெளியே வரும்போது எங்கள் பெட்டிக்காரர் ஒரு பழைய சினிமா மெட்டை வாசிப்பார், கூட்டம் விசில் அடிக்கும். ஒரு நாற்பது விநாடி இருக்கும். ஒரு தடவை மறுநாள் காலையில் ஒரு பாட்டுக் கம்பெனியிடமிருந்து உரிமை கேட்டுத் தகவல். எட்டு மணி நேரக் கூத்தின் வருமானமும் நின்றுபோனது. மகன் அந்த இடத்தில் சத்தத்தை அணைத்துவிட்டான். இப்போதும் பார்த்தால் நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு ஊமை மாதிரி குதித்து வருவேன், நல்ல வேடிக்கை. அதிலிருந்து களரிக்குப் போனதும் மகன் முதல் வேலையாக, “மாமா, சினிமா மெட்டு வேணாம்” என்று பெட்டிக்காரரிடம் போய் நிற்கிறான். அதனால் இருபது வருஷமாக மறந்திருந்த பழைய கூத்து மெட்டுகளை அவர் தோண்டி எடுத்து வாசிக்கிறார். எங்கள் வாத்தியாருக்கு ரொம்பச் சந்தோஷம். இதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஐயா சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. போனைத் திறந்தால் வாய்க்கு வந்தபடி வைகிறவன், அடுத்தவன் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைக்கிறவன், காசு கட்டி விளையாடும் சூதாட்டத்துக்கு விளம்பரம் செய்தவன் எல்லாம் இருக்கிறார்கள். அந்தச் சூதாட்டத்தை 2025இல் சட்டம் போட்டே தடுக்க வேண்டியிருந்தது. ஆனால் வியர்வையை மட்டும் அளவுகோலாக வைத்தால் சாராயம் காய்ச்சுகிறவனுக்கும் வியர்க்கத்தான் செய்கிறது. வேலையா என்பது ஒரு கேள்வி, நல்ல வேலையா என்பது வேறொரு கேள்வி. ஐயா இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டுக் கலக்கிவிட்டார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். லைவ் வந்ததிலிருந்து உள்ளூரில் பன்னிரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறைகிறது. வீட்டில் படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்று எழுந்து போகிறார்கள், பார்க்காமல் தூங்கியும் போகிறார்கள். எதிரில் காலிப் பாயைப் பார்த்து நகைச்சுவை பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். எந்த நிமிஷத்தில் எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்று யூடியூப் கோடு போட்டுக் காட்டுகிறது. மகன் ஒரு நாள் எனக்குக் காட்டினான். நான் வந்து பேச ஆரம்பித்த இடத்தில் கோடு கீழே இறங்கியது. ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அப்புறம் அந்தப் பழைய மாமியார் நகைச்சுவையை எடுத்துவிட்டேன்.

போன வைகாசியில் மூங்கில் கழி கட்ட ஏணியில் ஏறியவன் விழுந்து வலது கை முறிந்தது. நாற்பது நாள் கட்டு. கம்பெனியில் இருந்தபோது இ.எஸ்.ஐ. பிடித்தார்கள். இப்போது யாரைக் கேட்பது? என்னிடம் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருக்கிறது. 2007இல் தொடங்கிய வாரியம். கல்யாண உதவி, படிப்பு உதவி, செத்தால் ஈமச்சடங்குக்கு உதவி எல்லாம் அதில் உண்டு. காஞ்சிபுரத்தில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் என் அக்கா மகனைப் போன்றவர்களுக்கு 2023இல் தமிழ்நாடு அரசு தனி வாரியம் அமைத்தது. என் மகன் ஆடுகிறவனும் இல்லை, சாப்பாடு கொடுக்கிறவனும் இல்லை. ஒரே களரியில் எனக்கு அட்டை உண்டு, எனக்கு எதிரில் பத்தடி தூரத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவனுக்கு இல்லை. இதை வேலை என்று ஒப்புக்கொண்டால் அட்டை, விபத்துக் காப்பு எல்லாம் பின்னாலேயே வந்து நிற்கும். அதற்குப் பயந்துதான் யாரும் ஒப்புக்கொள்ளவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கட்டியங்காரன் புத்தி, எதையும் கோணலாகத்தான் யோசிக்கும்.

என் பெயரைப் போட வேண்டாம். பெண் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தலைமையாசிரியர் ஐயாவுக்கு: வரும் வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்துக் கோயிலில் அர்ச்சுனன் தபசு. விடியற்காலையில் வாத்தியார் மரம் ஏறுவார், மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளை இல்லாத பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். நேரில் வந்தால் பாய் போட்டு முன்வரிசையில் உட்கார வைக்கிறோம். முடியாவிட்டால் லைவில் பாருங்கள். அந்த ஊரில் சிக்னல் சரியில்லை, விட்டு விட்டுத்தான் வரும். நின்றுபோனால் திட்டாமல் கொஞ்சம் பொறுங்கள், அவன் கழியை இடம் மாற்றிக்கொண்டிருப்பான்.

இப்படிக்கு,
ஒரு கட்டியங்காரன்,
செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.